காப்புக் கட்டிய நான்காம் நாள்

அண்ணனின் தண்ணீர் பாட்டில் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இரண்டு லிட்டர் பிடிக்கும் பழைய குளிர்பான பாட்டில். அதைச் சுற்றிக் கோணித் துணியை இறுக்கித் தைத்து, காலையில் நனைத்து, இன்ஜின் மூடியின் ஓரத்தில் கயிற்றால் கட்டித் தொங்க விடுவார். கள்ளக்குறிச்சியில் நிரப்பினால் வெள்ளிமலை போய்த் திரும்பும் வரை போதும். எட்டு வருஷமாக அதுதான் வழக்கம். அந்த ஆண்டு மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, கச்சிராயபாளையம் வருவதற்குள்ளேயே பாட்டில் காலியாகிவிட்டது. அணைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, "தம்பி, ரொப்பிக்கினு வா" என்றார். மலையில் பாதி ஏறுவதற்குள் மறுபடியும் காலி. என் டைரியில் அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அண்ணன் மூன்று பாட்டில் தண்ணீர். வெயில் அதிகமில்லை."

நான் பேருந்து நடத்துனர். டைரி எழுதுவது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு நின்றோம், எங்கே மழை, எங்கே மரம் விழுந்து கிடந்தது, யார் எந்த மூட்டையை மறந்துவிட்டுப் போனார்கள் என்று எல்லாவற்றையும் எழுதுவேன். அண்ணன் என்று நான் சொல்பவர் எனக்கு உறவில்லை. என் வண்டியின் ஓட்டுநர். என்னைவிட ஏழு வயது மூத்தவர். தியாகதுருகத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துக்காரர். எட்டு வருஷம் ஒரே வண்டியில், ஒரே மலைப் பாதையில் போய் வந்தால் வேறு எப்படி அழைப்பது? அவர் மனைவி எனக்கு அண்ணி. மலையில் ஓட்டுநருக்குப் பின்பக்கத்துக் கண் நடத்துனர்தான். ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் போக வேண்டும். ஏன் என்று கேட்க நேரமிருக்காது. அந்த நம்பிக்கை எங்களுக்குள் இருந்தது.

வாய் ஓயாத மனிதர் அவர். மரவள்ளி மூட்டையோடு ஏறும் பெரியவரிடம், "மூட்ட டிக்கெட் வாங்கிடுச்சுங்க, நீங்கதான் பாக்கி" என்பார். கோழிக்கூடையை மடியில் வைத்திருக்கும் கிழவியிடம், "ஆயா, கோழிக்கு ஜன்னலோர சீட்டா? குடுத்து வெச்ச கோழி!" என்பார். என் டைரி அவருக்குத் தீராத வேடிக்கை. தும்மினால் திரும்பிப் பார்த்து, "எழுதிக்கோ கணக்குப்புள்ள, டிரைவர் ஆறு பத்துக்குத் தும்மினாரு" என்பார். அந்தப் பேச்சு தை மாதக் கடைசியில் குறையத் தொடங்கி, மாசியில் நின்றே போனது. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. நேரத்தைத்தான் கவனித்தேன். அடிவாரத்திலிருந்து மேலே போக ஐம்பத்தைந்து நிமிடம் எடுக்கும் வண்டி அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று எடுத்தது. வண்டியில் கோளாறு இல்லை.

கேட்டபோது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது, அதன் பிறகு தூக்கமில்லை, சோறு மண்ணாக இருக்கிறது என்றார். காரணம் என்று ஒன்றைக் காட்ட அவரால் முடியவில்லை. மகளை நல்ல இடத்தில் கட்டிக் கொடுத்துவிட்டார். வீடு கட்டி முடித்தாயிற்று. "இன்னா கொறை உனக்கு?" என்று ஊரில் கேட்டார்களாம். "கொறை இருந்தா அத சொல்லித் தொலைக்க மாட்டேனா?" என்று என்னிடம் சலித்துக்கொண்டார். தலைவலிக்கும் தூக்கத்துக்கும் என்று சொல்லி ஒரு தனியார் மருத்துவரிடம் போயிருக்கிறார். மனசைப் பற்றி அங்கே வாயே திறக்கவில்லை. ராத்திரிக்கு ஒன்று என்று சிறிய மாத்திரை கிடைத்தது. தூக்கம் வந்தது. ஒன்றுக்கு அரைத் தூக்கம் என்றால் இரண்டுக்கு முழுத் தூக்கம் என்று அவரே கூட்டிக்கொண்டார். அதன் பெயர் அமிட்ரிப்டிலின் என்பதும், மூன்று பாட்டில் தண்ணீருக்கு அதுதான் காரணம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை முதல் நடையில், மூன்றாவது வளைவைத் தாண்டியதும் சாலை நடுவில் ஒரு மாடு நின்றது. தூரத்திலேயே தெரிந்தது. வண்டி வேகம் குறையவில்லை. நான் விசிலை ஊதிக்கொண்டே முன்னால் ஓடினேன். மாட்டுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. உள்ளே ஒரே கூச்சல். அண்ணன் வண்டியை எடுத்தார். வெள்ளிமலையில் எல்லோரும் இறங்கிய பிறகு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே சொன்னார்.

"மாட்ட பாத்தேன் தம்பி. பாத்துக்கினேதான் இருந்தேன். பிரேக்குல கால வெக்கணும்னு தோணல."

"தூக்க மாத்திர மப்பாண்ணே?"

"அது பாதி. எறங்கும்போது வளைவுல ஒடிக்காம அப்பிடியே வுட்டா இன்னான்னு நாலு நாளா தோணிக்கினே இருக்குது. ஜனம் இருக்காங்களேன்னு பயந்து பயந்து ஓட்டறேன். நான் மட்டும் இருந்தா..."

நான் சாவியை எடுத்துக்கொண்டேன். கீழே போக இருபது பேர் காத்திருந்தார்கள். டிரிப் ஷீட்டில் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பொய்யை எழுதினேன்: "பிரேக் சரியில்லை." டெப்போவுக்குப் போன் செய்தேன். மூன்று மணி நேரம் கழித்து வேறு ஓட்டுநரும் மெக்கானிக்கும் வந்தார்கள். மெக்கானிக் வண்டிக்கடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, "பிரேக்கு ஜோரா இருக்குது கண்டக்டரே. உனக்குத்தான் எதுவோ புடிக்கல" என்றான். எனக்கு மெமோ வந்தது. பதில் எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் அண்ணன் பெயருக்குப் பக்கத்தில் 'பைத்தியம்' என்ற சொல் ஒட்டிக்கொள்ளும், அதன் பிறகு எந்த மாத்திரையாலும் அதை எடுக்க முடியாது என்று அப்போது நினைத்தேன். அது முழுக்கச் சரியல்ல என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவரைக் கீழே ஓட்ட விடாதது சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை அண்ணனையும் அண்ணியையும் அழைத்துக்கொண்டு மாவட்ட அரசு மருத்துவமனைக்குப் போனேன். மனநலப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர். வரிசை அறைக்குள்ளேயே நின்றதால் முன்னால் இருப்பவரிடம் அவர் பேசுவது எல்லோருக்கும் கேட்டது. எங்களுக்கு முன்னால் மலையிலிருந்து வந்த ஒரு பெண். அவரிடம் மருத்துவர், "மழ பெஞ்சி ரோடு அடைச்சா பத்து நாள் கீழ வர மாட்டீங்க. அதனாலதான் உங்களுக்கு இந்த கேப்சூல். இது உடம்புல வாரக்கணக்குல தங்கும். ரெண்டு நாள் விட்டுப்போனாலும் சட்டுனு எறங்காது. அதுக்காக வேணும்னே விடாதீங்க" என்றார். அந்தப் பெயரைப் பிறகு கேட்டு எழுதிக்கொண்டேன்: ஃப்ளூஆக்ஸெடின். ரோடு அடைபடுவதைக் கணக்கில் எடுத்து ஒருவர் மருந்து எழுதுவார் என்று நான் நினைத்ததே இல்லை. பயம் கொஞ்சம் குறைந்தது அப்போதுதான்.

எங்கள் முறை வந்ததும், கதவைச் சாத்தச் சொல்லி வரிசையை வெளியே அனுப்பினார். அண்ணன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் டைரியை நீட்டினேன். மருத்துவர் பொறுமையாகப் படித்தார். செத்துப் போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டார். அண்ணன் தோன்றுகிறது என்றார். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வேறொரு கேள்வி: "எப்பவாவது தூக்கமே இல்லாம, ஆனா பயங்கர தெம்பா, தலகால் புரியாத குஷியா ஒரு வாரம் பத்து நாள் இருந்திருக்காராம்மா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணி சொன்னார்: "இவுரா? கல்யாணத்தன்னிக்கே குஷியா இல்லீங்க."

மருத்துவர் சிரித்துவிட்டார். அண்ணன் முகத்தில்கூட ஒரு அசைவு வந்தது. அந்தக் கேள்வியை எல்லோரிடமும் கேட்பாராம். அப்படிப்பட்ட குஷி முன்பு வந்திருப்பவர்களுக்கு, மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் எதிர்ப்பக்கமாகத் தூக்கி அடித்துவிடக்கூடும் என்றார்.

ராத்திரி மாத்திரையின் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "கெட்ட மருந்து இல்ல. பழைய வகை, நல்லாவே வேலை செய்யும். ஆனா தேவையில்லாத எடத்துலயும் கைய வெக்கும். வாய் வறளும், வெளிக்குப் போகாது, காலையில தல கனக்கும். அளவு மீறினா இருதயத்தையே நிறுத்திடும். இப்ப இவரு இருக்கற நெலமையில வீட்டுல ஒரு அட்டகூட இருக்கக் கூடாது" என்றார். ஒரு வாரத்தில் குறைத்து நிறுத்துவதற்கு வேண்டிய மாத்திரைகளை மட்டும் எண்ணி அண்ணியிடம் கொடுத்தார். வீட்டில் இருந்த மீதியை அன்று சாயங்காலமே அரிசி அண்டாவுக்குள்ளிருந்து அண்ணி எடுத்துத் தர, மறுநாள் நானே மருத்துவமனையில் ஒப்படைத்தேன்.

புதிய மாத்திரையின் பெயர் எஸ்சிடாலோபிராம். ஐந்து மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரம் கழித்துப் பத்து. மூளையில் ஒரு நரம்பு அடுத்த நரம்புக்குச் சேதி சொல்ல ஒரு ரசாயனத்தை வெளியே விடுகிறது, சொன்னதும் அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கிறது, இந்த வகை மாத்திரை அப்படி இழுப்பதைத் தடுக்கிறது, அதனால் அந்த ரசாயனம் நடுவில் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறது என்று விளக்கினார். பழைய வகை இரண்டு மூன்று ரசாயனங்களை ஒன்றாகப் பிடிக்கும். இது ஒன்றை மட்டும் பிடிக்கும். அதனால்தான் வாய் வறட்சி, மப்பு எல்லாம் கம்மி. இரண்டு ரசாயனங்களை மட்டும் பிடிக்கும் இன்னொரு வகை உண்டு. உடம்பு வலியோடு வருபவர்களுக்கு அது நல்லது, ஆனால் ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். தூக்கத்தையும் பசியையும் நன்றாகக் கொண்டு வருகிற வேறொன்றும் உண்டு. "நீங்க கடையில ஒக்கார்றவரா இருந்தா யோசிச்சிருப்பேன். வண்டி ஓட்டறவருக்கு மப்பு ஆகாது" என்றார். மலைப் பெண்ணுக்குக் கொடுத்த கேப்சூல் சிலருக்குப் படபடப்பைக் கூட்டித் தூக்கத்தைக் கெடுக்கும் என்பதால், மூன்று மணிக்கு விழிப்பவருக்கு முதலில் அது வேண்டாம் என்றார்.

இத்தனை வகையையும் கேட்டுவிட்டு அண்ணன் முதல் முறையாக வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார். "பத்தியம் இன்னாங்க?"

"பத்தியம் இருக்கற வகையும் ஒண்ணு இருக்கு. ரொம்பப் பழசு. அத சாப்பிட்டா சில பதார்த்தம் தொடவே கூடாது. நாங்க இங்க அத எழுதறதில்ல. நீங்க கருவாடு சாப்பிடலாம். சாராயம் மட்டும் வேண்டாம்."

மாத்திரையின் வேலை முதல் நாளே தொடங்கிவிடும், ஆனால் மனசு தேற மூன்று நான்கு வாரம் ஆகும், நடுவில் உள்ளே என்னென்ன நடக்கிறது என்பது தங்களுக்கே முழுசாகத் தெரியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். முதல் இரண்டு வாரம் வயிற்றைப் பிரட்டும், படபடப்பு வரும், அப்போதுதான் அண்ணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே தடவையில் மாத்திரை தர மாட்டேன் என்றார். தேறிய பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டும். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், கெட்ட கனவு, கண்ணைத் திருப்பும்போது தலைக்குள் மின்சாரம் அடிப்பது போன்ற உணர்ச்சி எல்லாம் வரும். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டேன். தான் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று, நோயின் பெயரைக் குறிப்பிடாமல் மருத்துவச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். டெப்போவில் அண்ணன் 'பி.பி.' என்று சொல்லிக்கொண்டார். ஊரிலும் பி.பி.தான்.

விடுப்பில் இருந்த அந்த நாட்களில் வேலை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போய்விடுவேன். தூக்கம், சாப்பாடு, பேச்சு என்று மூன்று கட்டம் போட்டு எழுதினேன். ஐந்தாம் நாள் வாந்தி. ஒன்பதாம் நாள், "இத தின்னுட்டுத்தான் இன்னும் கெட்டுப்போனேன், நிறுத்திடறேன்" என்று சண்டை. பன்னிரண்டாம் நாள் ஐந்து மணிவரை தூங்கினார். பதினேழாம் நாள் வழக்கம்போல, "எத்தன மணிக்குப் படுத்தீங்க, எத்தன மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார்.

"நீ இன்னா என்ன பெத்தவளா? உன் டைரிக்குத் தீனி போடவா ஆண்டவன் என்னப் படைச்சான்?"

அண்ணி அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்து எட்டிப் பார்த்தார். பேச்சு என்ற கட்டத்தில் "திட்டினார்" என்று எழுதி, அடியில் ஒரு கோடு போட்டேன். ஆறாவது வாரத்தில் அவர் முகத்தில் பழைய ஆள் தெரிந்தார். வைகாசியில் மருத்துவர், பணிக்குத் தகுதியானவர் என்று எழுதிக் கொடுத்தார். முதல் பத்து நாள் சமவெளித் தடம், பிறகு மலை. மேலே போக ஐம்பத்தாறு நிமிடம்.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆடியில் அவர் ஊரில் மாரியம்மனுக்குத் தீமிதி. தேறினால் தீமிதி என்று அண்ணி வேண்டிக்கொண்டிருந்தார்; மிதிக்கப் போவது அவர் வீட்டுக்காரர். வெள்ளிக்கிழமை காப்புக் கட்டினார். கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் பத்து நாள் விடுப்பு. நான்காம் நாள் திங்கட்கிழமை எனக்கு வார ஓய்வு. பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன்.

கோயில் வேப்பமரத்தடியில் மஞ்சள் வேட்டியோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். எதிரே பெண்கள் வரிசை. குழந்தையை நீட்டுகிறார்கள், அவர் நெற்றியில் சாம்பல் வைக்கிறார். நடுநடுவே உடம்பு ஒரு உதறு உதறுகிறது. உடனே கூட்டம் குலவையிடுகிறது. என்னைக் கண்டதும் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"ஆத்தா எறங்கறாடா தம்பி. நேத்துலருந்து. தலைக்குள்ள ஜிர்ருனு கரண்டு அடிக்குது."

"கண்ண திருப்பும்போதாண்ணே?"

"உனக்கு எப்பிடி தெரியும்?"

"தல சுத்துதா? கெட்ட கனா வருதா?"

"ராத்திரி பூரா." குரல் இறங்கியது. "காலைல சும்மானாச்சும் அழுதேன். அதும் ஆத்தாதானே?"

"மாத்திர போட்டுக்கினுதானே இருக்கீங்க?"

என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏதோ கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டது போல இருந்தது. "காப்புக் கட்டிக்கினு மாத்திரையா?"

எங்கள் பக்கத்தில் அம்மை போட்ட வீட்டில் மருந்து கொடுப்பதில்லை. அம்மன் வந்திருக்கும்போது மருந்து அவமரியாதை. அதே முறையைக் காப்புக்கும் அவரே நீட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமையே நிறுத்தியிருக்கிறார். பையிலிருந்து டைரியை எடுத்து மருத்துவர் சொன்ன பட்டியலைப் படித்துக் காட்டினேன். முகம் கறுத்துவிட்டது. "ஆத்தாவ வியாதின்றியா?" என்று திரும்பி நடந்தார். நடையில் தள்ளாட்டம் இருந்தது. இன்னும் ஆறு நாளில் அந்தக் கால்கள் நெருப்பில் நடக்க வேண்டும். அதைத் தாண்டினாலும், அதற்குப் பிறகு வெள்ளிமலை இருக்கிறது. மாசி மாதம் திரும்பி வந்துவிடுமோ என்று பயந்தேன்.

மருத்துவமனைச் சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். செவிலியர் மருத்துவரிடம் கொடுத்தார். "நாலாவது நாளா? சரியாத்தான் இருக்கு. நோய் திரும்பல, நிறுத்துனதோட வேலை. இன்னிக்கே ஒண்ணு போடச் சொல்லுங்க, ரெண்டு மூணு நாள்ல அடங்கிடும். தலைசுத்தலோட தீ மிதிக்க வேணாம்" என்றார். சாமி வருவதாக நம்புகிறாரே என்றேன். கொஞ்சம் யோசித்தார். "அத நான் சொல்றதுக்கில்லைங்க. மாத்திரை போட்ட பிறகும் வந்துச்சுன்னா, அது சாமி."

அண்ணியிடம் இதைச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய் மாத்திரை அட்டையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் கோயிலுக்கு நடந்தார். நான் பின்னாலேயே போனேன். பூசாரி அண்ணனுக்குப் பங்காளி, சித்தப்பா மகன். கரகத்துக்குப் பூச்சுற்றிக்கொண்டிருந்தார். அண்ணன் பக்கத்தில் வேப்பமரத்தடிக்குத் திரும்பியிருந்தார்.

"கொழுந்தனாரே, காப்புக் கட்டினவங்க மாத்திர முழுங்கக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

பூசாரி பூவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அம்ம போட்ட வூட்டுலதான் ஆவாது அண்ணி. காப்புக்கு இன்னா? நானே காத்தால சக்கர மாத்திரைய போட்டுக்கினுதான் வந்தேன். இல்லனா கரகத்தோட நானும் வுழுந்துடுவேன்."

"அப்ப இவுரு?"

"பி.பி. மாத்திரதானே? தாராளமா போடட்டும். ஏன், நிறுத்திட்டாரா? ஏன் அண்ணா, என்ன ஒரு வார்த்த கேக்கறதுக்கு இன்னா?"

அண்ணன் தரையைப் பார்த்தார். அவர் ஏன் கேட்கவில்லை என்பது எனக்கு அந்த நொடியில்தான் புரிந்தது. கேட்டால் என்ன மாத்திரை என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆத்தா தடுக்கவில்லை, பூசாரி தடுக்கவில்லை. நாங்கள் மூவரும் சேர்ந்து காத்துவந்த பி.பி. என்ற பொய்தான் தடுத்தது. நானும் அதில் கூட்டு.

"பி.பி. இல்ல" என்றார் அண்ணி. குரல் வரிசையின் கடைசிவரை கேட்டது. "மனசுக்கு. வண்டிய வுட்டுட்டு வூட்ல சுருண்டு கெடந்தாரு. சாவறேன்னாரு. இந்த மாத்திரதான் எழுப்பி ஒக்கார வெச்சுது. ஆத்தாவும்தான். ரெண்டு பேரும் சேந்துதான்."

யாராவது சிரிப்பார்கள் என்று நான் காத்திருந்தேன். வரிசையில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண், "என் தம்பிக்கும் அப்பிடித்தான் இருக்குதுக்கா. ஆறு மாசமா வெளியவே வரல. அது எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்டாள். அதோடு வரிசை கலைந்து இன்னும் இரண்டு பேர் அண்ணியின் பக்கம் நகர்ந்தார்கள். பூசாரி உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"இங்கியே போடு அண்ணா. ஆத்தா எதிர்லயே போடு. அவளுக்குத் தெரியாததா?"

அண்ணன் மாத்திரையை வாயில் போட்டு, சொம்பைத் தூக்கி, அண்ணாந்து தண்ணீர் விட்டுக்கொண்டார். மணி பகல் ஒன்று பத்து. மூன்றாம் நாள் மின்சாரம் நின்றது, நடை நேரானது. உதறலும் நின்றுவிட்டது. போனில் சொன்னபோது அவர் குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. "அப்புறம் அவ வரலடா தம்பி." பத்தாம் நாள் கரகத்துக்குப் பின்னால் அவர் நெருப்பில் நடந்ததைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பதினொரு அடி. ஒரு தடுமாற்றமும் இல்லை.

மருத்துவர் அடுத்த முறை திட்டவில்லை. வரும் மாதங்களில் என்னென்ன விரதம், எத்தனை நாள் என்று கேட்டுச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். மருந்தை மாற்றவில்லை, கேட்கிற மருந்தை மாற்ற வேண்டாம் என்றார். அடுத்த ஆண்டு மாசியில் குறைக்கத் தொடங்கினார். பத்து ஐந்தாகி, ஐந்து பாதியாகி, பிறகு ஒன்றுமில்லை. இதற்கு இரண்டரை மாதம். ஒவ்வொரு படியிலும் அண்ணனைவிட நான்தான் அதிகம் பயந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடியும் வந்தால் மறுபடியும் வரச் சொன்னார். இதுவரை போகத் தேவைப்படவில்லை.

அண்ணன் ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. நான் இன்னும் அதே தடத்தில்தான். மாதத்துக்கு ஒருமுறை காரணமே இல்லாமல் என் வண்டியில் ஏறி வெள்ளிமலைவரை வருவார். முன்பக்க ஒற்றை இருக்கையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் புது ஓட்டுநருக்குப் பாடம் நடத்துவார். அவனும் விடுவதில்லை. "பெரியவரே, இஸ்டாப்பு வந்தா எறங்குங்க, இல்ல நீங்களே ஓட்டுங்க" என்பான். போன வாரமும் வந்திருந்தார். திரும்பும்போது, மலை இறங்கத் தொடங்கிய இரண்டாவது வளைவிலேயே அவர் சத்தம் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். தலை கம்பியில் சாய்ந்திருந்தது, வாய் திறந்திருந்தது. வண்டி குலுங்கியது, ஹாரன் அலறியது, மரவள்ளி மூட்டை ஒன்று அவர் காலில் சாய்ந்தது. அவர் விழிக்கவில்லை. கள்ளக்குறிச்சி நிலையத்தில் எல்லோரும் இறங்கினார்கள். ஓட்டுநர் இன்ஜினை நிறுத்திவிட்டு, "எழுப்புங்க கண்டக்டரே, டீ குடிக்கப் போவலாம்" என்றான்.

"நீ போயிட்டு வா" என்றேன். பகல் இரண்டரை மணி. எதிர் இருக்கையில் உட்கார்ந்து, அவர் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.